நகை இல்லை, நகம்

ஐந்து வருடங்களாக நான் ஒரு பல் வெள்ளைப்பூண்டுகூட உரித்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பூண்டு மட்டுமா? அவித்த முட்டை, ஆரஞ்சுப் பழம், தரையில் விழுந்த ஒரு ரூபாய் நாணயம், ரவிக்கைக் கொக்கி, எதுவும் என் விரல்களுக்கு அடங்காது. எல்லாவற்றுக்கும் என் கணவர் சரவணனைத்தான் கூப்பிடுவேன். (கொக்கிக்குக் கூப்பிட்டால் அவர் சலித்துக்கொண்டதே இல்லை. பூண்டுக்குக் கூப்பிட்டால்தான் முகம் கோணும்.)

காரணம், என் பத்து விரல்களிலும் ஒட்டியிருந்த செயற்கை நகங்கள்.

நான் பிறவி நகம் கடிப்பவள். பள்ளியில் கணக்குப் பரீட்சைக்கு முன்னால் இடது கை, பரீட்சை முடிந்தபின் வலது கை என்று முறை வைத்துக் கடித்தேன். வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார்கள். இரண்டே நாளில் அந்தக் கசப்பும் எனக்குப் பழகிவிட்டது. நிச்சயதார்த்தத்தில் மோதிரம் போடும் படம் வந்தபோதுதான் நானே என் விரல்களைச் சரியாகப் பார்த்தேன். யாரோ கொறித்துப் போட்ட பென்சில்களுக்கு மோதிரம் மாட்டியது போல இருந்தது. அழுதேன். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு, மதுரை பைபாஸ் ரோட்டில் இருந்த ஒரு நகக் கடைக்குப் போனேன். அங்கே ஷாலினி என்ற பெண் இரண்டு மணி நேரத்தில் எனக்குப் பத்து நகங்களைத் தந்தாள். அவற்றைக் கடிக்க முடியாது. கடித்தால் பல்தான் உடையும்.

கல்யாணத்தோடு கழற்றியிருக்கலாம். வேலை விடவில்லை. ஒரு ஜவுளிக்கடையில் சுங்குடிச் சேலைகளை போனுக்கு முன்னால் விரித்துக் காட்டி, லைவில் விற்கிற வேலை எனக்கு. அதில் முகத்தைவிடக் கைதான் அதிகம் தெரியும். "அக்கா, சேலை இருக்கட்டும், அந்த நகம் எங்க போட்டீங்க?" என்று பாதிப் பேர் கேட்பார்கள். தலைகால் புரியாது எனக்கு. மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஷாலினியிடம் போய் உட்கார்ந்துவிடுவேன். "நடுவுல ரெண்டு மாசமாவது வெறுமனே விடுங்கக்கா, உள்ள நகம் நொந்துபோகும்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். தன் வருமானத்துக்குத் தானே வேட்டு வைக்கிற இவள் எப்படி உருப்படுவாள் என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கொட்டாம்பட்டிப் பக்கம் இருக்கும் என் கணவர் வீட்டுச் சொந்தங்கள், அவை என்னுடைய சொந்த நகங்கள் என்றே நம்பினார்கள். "எம்புட்டு அழகா வளத்து வச்சிருக்கா பாரு!" என்று ஒருவர் என் கையைப் பிடித்து இன்னொருவரிடம் காட்டுவார். நான் தலையைக் குனிந்து, அடக்கமாகச் சிரிப்பேன். வெண்டைக்காய் நிறைய சாப்பிடுவேன் என்றுகூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பொய்க்கெல்லாம் சேர்த்து ஒரே நாளில் ஆப்பு வந்தது. அன்றைக்கு என் நாத்தனார் கோமதியின் ஒரு வயது மகள் நிலாவுக்குக் காதுகுத்து.

கோமதி என் கணவரின் தங்கை. ஆகவே தாய்மாமன் மடி அவருடையது, தாய்மாமன் சீர் எங்களுடையது. குழந்தைக்குச் செய்த தங்கத் தோடு என் கைப்பையில் பத்திரமாக இருந்தது. விசேஷத்துக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று சந்தன நிறத்தில், ஓரத்தில் மெல்லிய தங்கக் கோடு போட்டு நகம் வைத்திருந்தேன். அதில் வலது மோதிர விரல் நகம் மட்டும் முந்தின நாள் கார்க் கதவில் இடித்து லேசாக ஆடியது. ஷாலினியிடம் போக நேரமில்லை. செருப்பு ஒட்டுவதற்கு வீட்டில் வைத்திருந்த பசையை ஒரு சொட்டு விட்டு அமுக்கினேன். (இந்த இடத்தில் ஷாலினி தலையில் அடித்துக்கொண்டதை நான் பிறகு நேரில் பார்த்தேன்.)

காலையில் கோயிலில் மொட்டை போட்டார்கள். கத்திக் கத்தி அழுத நிலாவின் மொட்டைத் தலையில், அத்தை என்ற உரிமையில் நான்தான் சந்தனம் பூசினேன். நன்றாகக் கெட்டியாக, இரண்டு கையாலும் பூசினேன். பிறகு மண்டபம். பத்தரைக்குக் காதுகுத்து. அதற்கு முன்னால் காலைப் பந்தி.

"மதினி, ஒரு பந்திக்கு மட்டும் நீங்க கேசரி வையுங்க. எல்லாரும் பாக்கட்டும்" என்றாள் கோமதி. பார்க்கட்டும் என்ற சொல்லே எனக்குப் போதும். சமையல்காரர் கூட்டத்தில் பரிமாற வந்திருந்த பாண்டியம்மாள் கேசரி வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே வர, நான் கரண்டியைப் பிடித்த விரல்களை விரித்து விரித்துப் பரிமாறினேன். இரண்டு வரிசை முடியும்போது எதேச்சையாகக் கையைப் பார்த்தேன். ஒன்பதுதான் இருந்தது.

மோதிர விரலில், நகம் இருக்க வேண்டிய இடத்தில், வெந்த தக்காளித்தோல் போல ஏதோ ஒன்று வெளுத்துச் சிவந்து கிடந்தது.

சந்தன நிறம், வளைந்த உருவம், முனை கூர்மை. கேசரியில் விழுந்தால் முந்திரிப் பருப்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. முன்னால் நூற்றைம்பது பேர் முந்திரியைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

மேடைக்குப் பக்கத்தில் நின்ற சரவணனிடம் ஓடினேன். ஸ்பீக்கர் பெட்டியில் நாதஸ்வரம் காதைக் கிழித்தது.

"என்னங்க, என் நகம் காணோம்!"

"என்னது?"

"நகம்! நகம் காணோம்!"

அவர் முகம் வெளுத்தது. எனக்கு ஆறுதலாக இருந்தது. நகத்துக்கு இம்புட்டுப் பதறுகிறாரே, நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அதற்குள் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைக் செட்டுக்காரரிடம் பாய்ந்துவிட்டார். நாதஸ்வரம் நின்றது. மைக் கரகரத்தது.

"சொந்தக்காரவுக எல்லாம் கவனிக்கணும். தாய்மாமன் சீர் நகை காணாமப் போயிருச்சு. நகை கெடைக்குற வரைக்கும் தயவுசெஞ்சு யாரும் மண்டபத்த விட்டு வெளிய போக வேணாம்."

நகம், நகை. ஒரு எழுத்து. வாசல் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

அந்த நிமிடமே நான் கத்தியிருக்க வேண்டும். 'நகை இல்லை, நகம்' என்று இரண்டு வார்த்தை. வாய் வரவில்லை. வெண்டைக்காய்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. முந்நூறு பேருக்கு முன்னால், ஐந்து வருடமாகக் காட்டிய நகம் ஒட்டு நகம் என்று எப்படிச் சொல்வது? சத்தமில்லாமல் நானே தேடி எடுத்துவிட்டால், பிறகு 'தோடு பையிலேயே இருக்கு' என்று சிரித்து முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். புடவைத் தலைப்பால் விரலை மூடிக்கொண்டு, இலைகளுக்கு நடுவில் குனிந்து குனிந்து தேடினேன். ஐந்தாறு நிமிடம் இருக்கும். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுவது நகம் விழுந்ததற்காக இல்லை, அந்த ஐந்தாறு நிமிடத்துக்காகத்தான்.

நிமிர்ந்து பார்த்தபோது, என் மாமனாரின் அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், பாண்டியம்மாளுக்கு முன்னால் நின்றிருந்தார்.

"நீதானம்மா வாளியோட எங்க மருமக பக்கத்துலயே திரிஞ்ச? ஒம் பையக் கொஞ்சம் காட்டு."

"நான் எதுக்குங்கய்யா எடுக்கப் போறேன்?"

"எடுத்தன்னு சொல்லல. காட்டுன்னுதான் சொல்றேன்."

பாண்டியம்மாளுக்கு என் வயதுதான் இருக்கும். போய்த் தன் வயர்க்கூடையை எடுத்துவந்து, எல்லார் முன்னாலும் தரையில் கவிழ்த்தார். ஒரு மாற்றுச் சேலை. ஒரு மாத்திரை அட்டை. பல் உடைந்த சீப்பு. வாழையிலையில் மடித்த ஒரு சின்னப் பொட்டலம்.

"இது என்னா?"

"கேசரிங்கய்யா. எம் மகளுக்கு. சமையல் மாஸ்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. என் கால்கள் என்னைக் கேட்காமலே மேடைக்கு நடந்தன. மைக் செட்டுக்காரர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"நகை இல்ல! நகம்! என் நகந்தான் காணோம். ஒட்டு நகம். அஞ்சு வருசமா எல்லாமே ஒட்டு நகந்தான். தோடு என் பையில பத்திரமா இருக்கு. அந்த அக்கா எதையும் எடுக்கல. நான் முதல்லயே சொல்லியிருக்கணும், வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லல. தப்பு முழுக்க என்னோடது."

சொல்லிவிட்டு, ஆதாரத்துக்காகவோ என்னவோ, மொட்டை விரலை வேறு தூக்கிக் காட்டினேன். பிறகு பந்தியிலிருந்து ஒரு குரல் மெதுவாக எழுந்தது.

"நகம் எங்கத்தா விழுந்துச்சு?"

"கேசரியில... இருக்கலாம்."

அடுத்து நடந்ததை எழுத்தில் கொண்டுவருவது கடினம். நூற்றைம்பது வாய்களும் ஒரே நேரத்தில் மெல்வதை நிறுத்தின. முந்திரிகள் விரலால் புரட்டப்பட்டன, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப்பட்டன, தட்டிப் பார்க்கப்பட்டன. "மாப்ள, நான் கடிச்சது ஒண்ணு கடுக்குன்னு இருந்துச்சுடா!" என்று ஒருவர் கை கழுவும் இடத்துக்கு ஓடினார். அவரைப் பார்த்து இன்னும் நான்கு பேருக்குக் கடுக்கென்ற ஞாபகம் வந்தது.

இந்தக் களேபரத்தில் வாசலில் யாரோ கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துகொண்டிருந்தார். காது குத்த வந்த ஆசாரி! கதவைச் சாத்தியவர்கள் அவரை வெளியிலேயே நிறுத்தியிருந்தார்கள்.

"நல்ல நேரம் முடியப் போவுது, தொறங்கய்யா! நான் உள்ளதான் வாரேன், வெளிய போகல!"

அவசரமாக அழைத்துவந்தார்கள். சரவணன் மடியில் நிலா உட்கார்ந்தாள். ஆசாரி அவள் தலையைப் பிடித்துத் திருப்பினார். குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார்.

"ஏந்தாயி, பிள்ளைக்குப் பின்மண்டையில நகம் மொளச்சிருக்கு?"

காய்ந்த சந்தனத்தில், கோபுரத்தில் கலசம் வைத்ததுபோல, என் மோதிர விரல் நகம் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. காலையிலிருந்து அதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் அந்தக் குழந்தை முந்நூறு பேரிடம் கொஞ்சல் வாங்கியிருக்கிறது. எல்லாப் புகைப்படத்திலும் இருக்கிறது.

இனி கோமதி என் முகத்தில் விழிக்க மாட்டாள் என்று நினைத்தேன். ஒரே பிள்ளை, முதல் விசேஷம், இப்படியா? மேடையில் நின்றவள் அப்படியே கீழே உட்கார்ந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், மூச்சு வாங்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மதினி... வெண்டைக்கா..." என்றாள். அதற்குமேல் பேச முடியவில்லை. அவள் சிரித்ததும் மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டிருக்கிறேன். அவள் நினைத்திருந்தால் அன்றைக்கு என்னை ஒரே பார்வையில் எரித்திருக்கலாம்.

ஆனால் கோமதி சிரித்துவிட்டு அப்படியே விடவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகப் பெரிய மாமாவிடம் போனாள். "பெரியப்பா, அந்தக்காகிட்டப் பேசிட்டு வாங்க. அதுக்கப்புறந்தான் எம் பிள்ளைக்குக் காதுகுத்து" என்றாள். நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது.

பெரிய மாமா யாரிடமும் தணிந்து பேசிப் பார்த்ததில்லை நான். அவர் போய், தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆத்தா, தப்பாக் கேட்டுப்புட்டேன். மனசுல வச்சுக்கிறாத" என்றார். பிறகு தரையில் சிதறிக் கிடந்தவற்றைக் குனிந்து ஒவ்வொன்றாகக் கூடையில் எடுத்துப் போட்டார்.

காதுகுத்து முடிந்ததும் நான் பாண்டியம்மாளைத் தேடிப் போனேன். மண்டபத்துப் பின்பக்கம், குழாயடியில் நின்றிருந்தார்.

"அக்கா, என்னைய மன்னிச்சிருங்க" என்றேன்.

"நான் தப்பா எடுத்துக்கலைன்னு சொல்ல மாட்டேங்க்கா. எடுத்துக்கிட்டேன். வவுறு எரிஞ்சுச்சு." (நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை அக்கா என்றார். எங்களில் யார் மூத்தவர் என்பது இன்றுவரை தீர்ந்தபாடில்லை.) "ஆனா அம்புட்டுப் பேரு முன்னால மைக்குல சொன்னீங்கள்ல? அப்பிடி எனக்காக இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல."

ஐந்தாறு நிமிடம் தாமதமாகச் சொன்னேன் என்பதை நான் அப்போது சொல்லவில்லை. பிறகு ஒருநாள் சொன்னேன். தெரியும் என்றார்.

அவர் என் வலது கையைப் பிடித்துத் திருப்பி, அந்த விரலைப் பார்த்தார். "ஆத்தாடி, என்னாக்கா இது, வெந்த தோலாட்டம் கெடக்கு? வலிக்கலையா?"

அதுவரை வலிக்கவில்லை. யாரோ கேட்டதும் வலித்தது. குழாயடியில் நின்று நன்றாக அழுதேன்.

புத்தி வந்தவள் நேராக ஷாலினியிடம் போயிருக்க வேண்டும். நான் திரும்பும் வழியில், ஒத்தக்கடை நெரிசலில் கார் நின்றபோது, ஆத்திரத்தில் ஆள்காட்டி விரல் நகத்தைப் பல்லால் கடித்து இழுத்தேன். வந்தது, கூடவே என் சொந்த நகத்தின் மேல்தோலும் வந்தது. நான் போட்ட அலறலில் பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள் முளைத்தன.

மீதி எட்டையும் மறுநாள் ஷாலினி ஊறவைத்து, ராவி, பொறுமையாக எடுத்தாள். செருப்புப் பசைக் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டது அப்போதுதான். எல்லாம் கழன்றபின் என் கைகளைப் பார்த்தேன். நனைந்த அப்பளத் துண்டுகள் பத்து.

"ஒட்ட வெட்டிக்கங்கக்கா. காலையும் ராத்திரியும் எண்ணெய் தடவுங்க. பாத்திரம் வெளக்குனா கையுறை போடுங்க. பிய்க்காதீங்க, கடிக்காதீங்க. ஆறு மாசம் ஆகும்."

"இதுக்கு ஏதாச்சும் விலைகூடுன மருந்து இருக்கா?"

"தேங்காயெண்ணெய் போதும். இனிமே இங்க வராதீங்கக்கா" என்று சிரித்தாள். வாடிக்கையாளருக்கு வாசலைக் காட்டிய அந்தப் பெண்ணை உருப்படமாட்டாள் என்று நினைத்தவள் நான்.

ஆறு மாதமும் சூடான டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாலே விரல் எரியும். போனில் அழுத்தி எழுதினால் வலிக்கும். நகம் இருந்தபோது பூண்டு உரித்த சரவணன், நகம் போன பிறகும் பூண்டு உரித்தார். "எனக்கு எப்பத்தான் விடுதலை?" என்று கேட்டுக்கொண்டே உரித்தார். நகமோ, வைகையில் தண்ணீர் வருவதைவிடக் கொஞ்சம் வேகமாக வளர்ந்தது. அடியிலிருந்து ஒரு புதிய, வழுவழுப்பான பிறை ஏறிவரும். அதற்கு மேலே பழைய சொரசொரப்பு விளிம்பை நோக்கி மெல்ல நகரும். அதைப் பார்ப்பதற்காகவே காலையில் சீக்கிரம் எழுந்தேன்.

பெரிய சோதனை லைவ்தான். முதல் நாள் சேலைக்கு அடியில் விரலை ஒளித்துப் பிடித்தேன். "அக்கா கைக்கு என்னாச்சு?" என்று கேள்வி மேல் கேள்வி. முந்நூறு பேரிடம் சொன்னதை இவர்களிடம் சொன்னால் என்ன என்று கையை விரித்துக் காட்டி முழுக் கதையையும் சொன்னேன். அன்று சேலை கொஞ்சமாகத்தான் ஓடியது. கதை நன்றாக ஓடியது.

கடிக்காமல் இருந்ததற்குப் பாண்டியம்மாள்தான் காரணம். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் விரல்களைப் படமெடுத்து அவருக்கு அனுப்புவேன். பதில் குரலாக வரும். "ம்... சுண்டுவெரலு நல்லாருக்கு. கட்டவெரல ஏன் கொறிச்சீங்க? மறைக்காதீங்க, தெரியுது." பரீட்சைத் தாளுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை. அவர் மட்டும் அந்தக் குழாயடியில் என் கையைத் தட்டிவிட்டுப் போயிருந்தால், இன்றைக்கும் நான் பென்சில் கொறித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒத்தக்கடையில் கோமதி புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினாள். சமையல் பாண்டியம்மாளுடையது, இப்போது அவருக்குக் கீழே நான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். நான் போனதும் கை இரண்டையும் நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு முறம் நிறையப் பூண்டை என் முன்னால் வைத்தார். உரித்தேன். கட்டைவிரல் நகத்தை நுனியில் கொடுத்து நெம்பினால் தோல் அப்படியே கழன்றுவருகிறது. இவ்வளவு சுகமான வேலையையா அந்த மனுஷன் முகம் கோணிக்கொண்டு செய்தார்! அவரோ வாசலில் நின்று, "இத யாராச்சும் வீடியோ எடுங்கப்பா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

பந்தி ஆரம்பித்தது. கேசரி வாளியை இந்த முறை நான் தூக்கிக்கொண்டேன், பாண்டியம்மாள் பரிமாறினார். முதல் இலையில் பெரிய மாமா. கேசரி விழுந்ததும் அவர் முந்திரியை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பாண்டியம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"என்னங்கய்யா, சோதனையா?"

"இல்லத்தா, கேட்டுக்கிட்டுச் சாப்பிடுவமேன்னுதான். இது முந்திரியா, மதினி நகமா?"

பந்தி அதிர்ந்தது. அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு விசேஷமானாலும், எந்த ஊர் மண்டபமானாலும், கேசரி வைக்கிறவர்களிடம் இதைக் கேட்காமல் ஒருவரும் வாயில் வைப்பதில்லை. பேச்சு இன்னும் சரியாக வராத நிலாகூடக் கேட்கிறாள். நான் பக்கத்தில் இருந்தால் பதில் என் பொறுப்பு. "முந்திரிதான், தைரியமாச் சாப்பிடுங்க" என்று பத்து விரலையும் எண்ணிக் காட்டிவிட்டுத்தான் அடுத்த இலைக்குப் போகிறேன்.